வெங்காயத் தோலுக்குள் ஒளிய முடியுமா?

இணையத்தில் முகம் காட்டாமல் உலாவ நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது 'டோர்' மென்பொருளைத்தான். ஏதோ கலகக்காரர்கள் உருவாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை! தகவலை வெங்காயம் போலப் பல அடுக்காகப் பூட்டி, மூன்று கணினிகள் வழியே அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தோலை உரிக்கும். முதல் கணினிக்கு அனுப்புபவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்கு நேர் எதிர்.

இதை ஏன் ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள்? கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அந்த வழியில் வருபவர் எல்லாம் கடற்படை ஆள்தான் என்று தெரிந்துவிடுமே! ஒளிய வேண்டுமானால் கூட்டம் வேண்டும்.

அந்தக் கூட்டம் இல்லாமல் மாட்டியவர் ஒரு ஹார்வர்ட் மாணவர். 2013 டிசம்பர் 16, தேர்வு நாள். வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சலை டோர் வழியாக அனுப்பினார். எஃப்.பி.ஐ. டோரை உடைக்கவே இல்லை. மிரட்டலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழக வையர்லெஸ்ஸில் டோரைத் தொட்டவர் யார் என்று பார்த்தது, அவ்வளவுதான். நேரில் கேட்டதும் ஒப்புக்கொண்டார். (தேர்வுக்குப் படித்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை.)

2007 கதை இன்னும் சுவாரசியம். ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் ஐந்து கடைசிக் கணினிகளைத் தானே நடத்தினார். கடைசித் தோலும் உரிந்தபின் தகவல் பூட்டில்லாமல்தானே வெளியே போகிறது? அதைப் படித்தார். தூதரகங்கள், அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் கொத்தாகக் கிடைத்தன. நூறு கணக்குகளை வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அதில் உண்டு. அவற்றை டோர் வழியாகத் திறந்தவர்கள் தூதரக ஊழியர்கள் அல்ல, ஏற்கெனவே கடவுச்சொல்லைத் திருடிய உளவாளிகள் என்பது அவருடைய சந்தேகம். திருடனும் அதே சந்தில்தான் ஒளிந்திருக்கிறான்!

டோரை வடிவமைத்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஒருவர் இரு முனைகளையும் கவனித்தால், நேரத்தை ஒப்பிட்டே ஆளைப் பிடித்துவிடலாம் என்று 2004 ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். அப்படி இரு முனையிலும் உட்காரக்கூடிய வசதி யாருக்கு உண்டு? அரசாங்கங்களுக்குத்தான். ஆனாலும் ஸ்னோடென் 2013-இல் வெளிக்கொணர்ந்த என்.எஸ்.ஏ. ஆவணம் ஒன்றில், எல்லா டோர் பயனர்களையும் எப்போதும் அடையாளம் காண முடியாது என்று அந்த அமைப்பே அலுத்துக்கொள்கிறது. ஆட்கள் உட்கார்ந்து ஆராய்ந்தால் மிகச் சிலர் அகப்படுவார்களாம்.

அதே ஆண்டு எஃப்.பி.ஐ. வேறு வழி பிடித்தது. டோரை விட்டுவிட்டு, அதோடு வரும் ஃபயர்பாக்ஸ் உலாவியின் ஓட்டை வழியே ஒரு நிரலை நுழைத்தது. அது பயனரின் உண்மையான ஐ.பி. முகவரியை எடுத்து நேராக அனுப்பிவிட்டது.