வயோதிகத்தின் விலாசம்

கப்பலும் ரயிலும் ஆலைச் சங்கும் நாழிகை சொல்லி வந்த வடசென்னையில், உழைக்கிற மனிதன் எங்கே குடியிருப்பான் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் யாரேனும் ஒருவர் விடை சொல்லியிருக்கிறார். உழைத்து ஓய்ந்தவன் எங்கே குடியிருப்பான் என்ற கேள்விக்குத்தான் நெடுங்காலம் விடை சொல்வார் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்துக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளருக்கென்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காலடிப்பேட்டை என்று இன்று வழங்குகிற ஊர் அது. கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது, துணிக்குத் தறி வேண்டியிருந்தது, தறிக்குக் கை வேண்டியிருந்தது. அந்தக் கைகளின்பொருட்டே தெருக்கள் வகுக்கப்பட்டன. கை தளர்ந்த பிறகு அதற்குரியவன் என்ன ஆவான் என்பது கம்பெனியின் பேரேட்டில் ஏறிய விஷயமன்று.

அதைப் பற்றி முதலில் யோசிக்க வைத்தது பஞ்சம். 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியபோது, பயிர் பாழாகி, கிராமத்து ஜனங்கள் கோட்டையின் பீரங்கிகளை நம்பிச் சாரிசாரியாகப் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். உயிருக்குக் காவல் கிடைத்தது, வயிற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1782இல், ராயபுரத்தை ஒட்டித் தொடங்கிய கஞ்சி வார்க்கும் தர்மமே மணியக்காரர் சத்திரம். கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகளாயிருக்க, 1799இல் கம்பெனி வைத்தியராகிய ஜான் அண்டர்வுட் அதன் பக்கத்திலேயே சுதேசிகளுக்கென்று ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். அதை 1910இல் அரசாங்கம் தன் வசம் எடுத்துக்கொண்டது. காலா அசார் நோயின் கிருமியைச் சென்னையிலே கண்டறிந்து கீர்த்தி பெற்ற சார்லஸ் டோனோவன் அதற்குத் தலைமை வகித்தார். 1938இல் அங்கே மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டு, முன்னாள் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் நிலைத்தது. காகிதத்தில் நிலைத்தது என்று சொல்ல வேண்டும்; ராயபுரத்துப் பாட்டிமார் இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்லுகிறார்கள், அவரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி பெருத்துப் புகழடைந்த பின்னும் சத்திரம் மறைந்து போகவில்லை. ஆதரவற்ற முதியவர்களுக்கு நிழலாக இன்றளவும் இருந்து வருகிறது. அங்கே இடம் பெற்றவருக்கு உயிருள்ளவரை பாயும் கூரையும் உண்டு. விற்பதற்கோ, அடகு வைப்பதற்கோ, மகனுக்கு எழுதி வைப்பதற்கோ யாதொன்றும் இல்லை. தங்கியிருக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு என்று பிரித்து வைத்த அந்தப் பழைய ஏற்பாட்டை வாசகர் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் பார்க்கப்போகும் சங்கடங்களெல்லாம் இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதால் விளைந்தவை.

அந்தப் பிரிவினையை ஏழைகளுக்கு மட்டுமே உரியதாக எண்ணிவிடலாகாது. ராயபுரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு வாணிபத்தின்பொருட்டு வந்து தங்கிய பார்சிகள், 1910இல் கிளப்வாலா குடும்பத்தார் இறந்த மகனின் நினைவாகக் கட்டிய அக்கினி ஆலயத்தைச் சுற்றித் தங்கள் சிறு சமூகத்தைக் காத்து வந்தார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு வேறு ஆலயம் கிடையாது. அவர்களுடைய இனத்தார் பம்பாயில் ‘பாக்’ என்று வழங்கும் குடியிருப்புகளை அமைத்து, டிரஸ்டுக்குச் சொத்து, குடும்பத்துக்கு வாசம் என்ற முறையில் நடத்தி வருகிறார்கள். இதில் மனஸ்தாபங்களும் வழக்குகளும் ஏராளம். ஆயினும் கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை.

1856 ஜூன் 28ஆம் தேதி ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டு, ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி புறப்பட்டபின், உத்தியோகத்தோடு வீடும் சேர்ந்து வரும் குவார்ட்டர்ஸ் யுகம் பிறந்தது. ஓய்வு பெறும் நாளில் மாலையும் கைக்கடிகாரமும் தருவார்கள். சில மாதத்துக்குள் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பித் தர வேண்டும். எண்ணூரில் 1970இல் மின்னுற்பத்தி தொடங்கிய அனல் மின் நிலையம் வரையில் இதே கதைதான். அந்த நிலையம் 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. வேலை போனபின் அதைச் சார்ந்த குவார்ட்டர்ஸ்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையை மாற்றியவை இரண்டு சட்டங்கள். 1952இல் வந்த பிராவிடண்டு பண்டு சட்டமும் 1972இல் வந்த கிராஜுவிட்டி சட்டமும் சேர்ந்து, துறைமுகத்தையும் லேலண்டையும் என்பீல்டையும் விம்கோவையும் நம்பி முப்பது வருஷம் உழைத்தவனுடைய கையில், அவன் ஆயுளில் அதுவரை கண்டிராத ஒரு மொத்தத் தொகையை, அவனுடைய ஐம்பத்தெட்டாம் வயதில் கொண்டுவந்து வைத்தன. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டபோதும் நிலுவைப் பணம் என்ற ஒன்றே பேச்சாக இருந்தது. அந்தத் தொகையில் ஒரு பங்கு பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிற்று. மீதிக்கு நிலம் வாங்கப் போதாது. நிலத்தில் ஒரு பங்கு வாங்கப் போதும். அந்தப் பங்கைத்தான் ஃப்ளாட் என்று விற்றார்கள். 1961இல் ஏற்பட்ட வீட்டுவசதி வாரியமும், 1970இல் ஏற்பட்ட குடிசைமாற்று வாரியமும், எழுபதுகள் தொட்டுப் பெருகிய தனியார் புரொமோட்டர்களும் தத்தம் வழியில் இந்தப் பகுதியை மாடிகளால் நிரப்பினார்கள். வீடு வாசலைத் துறந்து காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த பட்டினத்தார் சமாதியடைந்த அதே திருவொற்றியூர்க் கடற்கரையில், கிரயப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு மனிதர்கள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினார்கள். அந்த நிம்மதியை நான் பரிகசிக்கவில்லை. வாடகைக்காரனாகவே தகப்பனும் பாட்டனும் இறந்துபோன குடும்பத்துக்கு அந்தப் பத்திரம் எத்தகைய கௌரவம் என்பதை அறிந்தவர்கள் பரிகசிக்க மாட்டார்கள்.

சிக்கல் மெதுவாக வந்தது. ஒரே காலத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஒரே காலத்தில் வாங்கிக் குடியேறிய கட்டடத்தில், குடியிருப்போரும் கட்டடமும் ஒன்றாகவே மூப்படைகிறார்கள். அப்படிப்பட்ட மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் ஏறிப் பார்த்தால் விஷயம் விளங்கும். லிப்ட் கிடையாது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். சன்ஷேடின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி விலாவெலும்பு போலத் தெரியும். உப்புக் காற்று வெடிப்பின் வழியே புகுந்து கம்பியைத் துருவாக்க, துரு பருத்து காங்கிரீட்டைப் பிளக்க, பிளவின் வழியே இன்னும் உப்பு புகும். கடலோரக் கட்டடங்களுக்கு இது சாதாரண வியாதி. கீழே மீட்டர் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் அசோசியேஷன் நோட்டீஸில் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்களின் கதவெண்கள் இருக்கும். அவற்றில் பல, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் வீடுகள்.

அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்க வீட்டுக்கு இரண்டு லட்சம் வேண்டும் என்று இன்ஜினீயர் சொன்னால், “எங்க காலத்துக்கு இது தாங்கும் சார், அப்புறம் பசங்க பாத்துக்கட்டும்” என்பதே பெரியவர்களின் பதில். அது கஞ்சத்தனமன்று, பென்ஷனை எண்ணிச் செலவிடும் எழுபத்தெட்டு வயதுக்காரர் தமக்குப் பயன்படாத முப்பது வருஷத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமே. பசங்களோ, விற்கப்போகிற வீட்டுக்குச் செலவு எதற்கு என்பார்கள், அதுவும் நியாயமே. இத்தனை நியாயங்களும் கூடியதில் தண்ணீர்த் தொட்டியின் தூண் மட்டும் அநாதையாக நிற்கிறது.

இது நம் ஊருக்கு மாத்திரம் உரிய நோயன்று என்பதை 2021ஆம் வருஷம் காட்டிற்று. ஜூன் 24 அதிகாலையில், அமெரிக்காவில், ஓய்வு பெற்றோரின் சொர்க்கமென்று பேர் பெற்ற புளோரிடாவின் கடலோரத்தில், சர்ப்சைடு என்னும் சிற்றூரில் 1981இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி சரிந்து 98 பேர் மாண்டார்கள், சுமார் 1.5 கோடி டாலர் பிடிக்கும் பழுதுவேலையைப் பற்றி அதன் உரிமையாளர்கள் வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 27 காலையில், திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993இல் கட்டிய குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி மண்ணாயிற்று. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. பாத்திரம், பண்டம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இடிபாட்டுக்குள் போயின. புளோரிடாவில் அடுத்த வருஷமே சட்டம் வந்தது: மூன்று மாடிக்குக் குறையாத கட்டடங்களை 30ஆம் வருஷத்தில் சோதிக்க வேண்டும், பழுதுநிதியைத் தள்ளிப்போடக் கூடாது. விளைவு என்ன? சோதனையில் தேறாத பழைய ஃப்ளாட்டுகளின் விலை இறங்க, பங்குத்தொகை கட்ட முடியாத முதியவர்கள் தங்கள் வீட்டையே விற்க வேண்டிவந்தது. உயிரைக் காக்க வந்த சட்டமே சிலரைத் தெருவில் விட்டது என்று அங்கே முறையிட்டவர்களை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

இனி, இப்படிப்பட்ட பழைய கட்டடத்தில் இன்று வீடு வாங்க நினைப்பவருக்குக் கிடைக்கும் லாபம் என்ன? முதலாவது, விலை. புதுக் கட்டடத்தில் ஒரு படுக்கையறைக்குக் கேட்கிற பணத்துக்குப் பழையதில் இரண்டு கிடைக்கலாம். அடுத்தது, இடம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஸ்டான்லிக்கும் சென்ட்ரலுக்கும் முதியவர் உட்கார்ந்துகொண்டே போகலாம். அண்டை அயலில் எல்லாரும் பழகிய முகங்கள். மாத்திரை வாங்கிவரவும், மயக்கமாக விழுந்தால் கதவைத் தட்டவும் ஆள் உண்டு. கோவைப் பக்கம் ஓய்வு பெற்றோருக்கென்றே கட்டி விற்கும் குடியிருப்புகளில் பணம் கொடுத்து வாங்கும் இந்தச் சௌகரியம் ராயபுரத்தின் பழைய சந்துகளில் சும்மா கிடைக்கிறது. பாதகத்தையும் சொல்ல வேண்டும்: 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தருகே அமோனியா கசிந்து நள்ளிரவில் ஜனங்கள் ஓடினார்கள். மூன்றாம் மாடியில் ஆஸ்துமாவோடு இருப்பவர் எப்படி ஓடுவார் என்பதை வாங்குமுன் யோசிப்பது உத்தமம்.

ஆனால் பத்திரத்தில் உண்மையாகவே விலை பெறுவது சுவரும் தளமும் அல்ல, ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதியிருக்கும் சதுர அடிகள்தாம். சுவர் ஆண்டுதோறும் மதிப்பிழக்க, அடியிலிருக்கும் மண் மதிப்பேறுகிறது. 2019இல் வந்த கட்டட விதிகள், முன்பு மனையின் ஒன்றரை மடங்குவரை கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக உயர்த்தியபின், பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாக எழுப்புவது புரொமோட்டருக்கும் லாபமாயிற்று. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு: மனை கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் விழுந்தால் இடித்ததற்கு மேல் கட்ட அனுமதி கிடைப்பது துர்லபம். பாகம் 300 சதுர அடியா 500 சதுர அடியா என்பதையும், கடல் எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் விசாரியாமல், மொசைக் தரையின் பளபளப்பைக் கண்டு முன்பணம் கொடுப்பவரைப் பார்த்து எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

1994ஆம் வருஷத்து அபார்ட்மெண்ட் சட்டத்தின்படி மறுகட்டுமானத்துக்கு எல்லா உரிமையாளரும் இசைய வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றது. 2022இல் இயற்றி, 2024இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும் என்கிறது. 24 வீடுகள் என்றால் 16 கையெழுத்து. அந்தப் பதினாறில் வாரிசுகள் எத்தனை பேர், அங்கேயே வசிப்பவர்கள் எத்தனை பேர் என்பதே இனிமேல் தகராறு. பணம் வேண்டிய வாரிசும் நிழல் வேண்டிய முதியவரும் ஒரே பத்திரத்தின் இரு பாதிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடித்துக் கட்டிமுடிக்க இரண்டு மூன்று வருஷமாகலாம். அதுவரை எண்பது வயதுக்காரருக்கு லிப்டோடு வாடகை வீடு யார் கொடுப்பார்கள், பழக்கமான மருந்துக்கடையும் டாக்டரும் இல்லாத இடத்தில் அவர் எப்படிக் காலம் தள்ளுவார்? வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, வெளியே தங்குவதற்கென்று குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்து வந்த அரசாங்கம் அதை 24,000 ஆக்கியிருக்கிறது. ராயபுரத்தில் ஒரு சிறு போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாலே அதில் பெரும்பகுதி கரைந்துபோகும். தனியார் கட்டடமாயின் புரொமோட்டரோடு செய்யும் ஒப்பந்தத்தில் மாத வாடகையும், காலம் நீண்டால் நஷ்டஈடும், திரும்பி வரும்போது முதியவர்களுக்குக் கீழ்த்தளமும் எழுத்தில் இருக்க வேண்டும். முதியவர் இடையில் காலமானால் அவர் மனைவி அங்கேயே இருந்துகொள்ளலாம் என்பதை வாரிசுகளிடமிருந்து தனிப் பத்திரமாக வாங்கி, பதிவும் செய்துகொள்ள வேண்டும்.