வெள்ளிப் பாதணியும் மாணிக்கப் பாதணியும்



கம்பியில்லாத் தந்தியினாற் கதையொன்று உயிர் பிழைத்த வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். வானொலியிற் பேசவந்தவனுக்கு அது பொருத்தமான தொடக்கமன்றோ?

எல். பிராங்க் போம் என்னும் அமெரிக்க எழுத்தாளர், 1900ஆம் ஆண்டிலே, ஓஸ் நாட்டின் அற்புத மாயாவியைப் பற்றிய சிறுவர் நூலொன்றைச் சிக்காகோ நகரில் வெளியிட்டார். டொரதி என்னும் சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச்சென்று ஓஸ் என்னும் அதிசய நாட்டில் இறக்கிவிடுகிறது. மூளை வேண்டிய வெருளி, இதயம் வேண்டிய தகர விறகுவெட்டி, வீரம் வேண்டிய கோழைச் சிங்கம் ஆகிய மூவரும் வழித்துணையாக, அவள் ஊர் திரும்ப வழிகேட்டு மாயாவியை நாடிச் செல்வதே கதை. பிள்ளைகள் மேலும் வேண்டுமென்று கடிதங்களை எழுதிக் குவித்தனர். போமும் எழுதிக்கொண்டே போனார். 1910இலே, ஆறாவது நூலோடு அவருக்குச் சலித்துவிட்டது போலும்! ஓஸ் நாடு வெளியுலகின் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்டுவிட்டது, இனி அங்கிருந்து செய்தி வாராது என்று கூறிக் கதவை அடைத்தார். பிள்ளைகளோ விடவில்லை. கம்பியில்லாத் தந்தியினால் டொரதியோடு பேசிப் பார்க்கலாமே என்று அவர்களில் ஒருவர் யோசனை கூறியதாகவும், அவ்வாறே தொடர்பு கிடைத்துவிட்டதாகவும் 1913ஆம் ஆண்டு நூலின் முன்னுரையிலே போம் எழுதினார். அவருடைய ஓஸ் நூல்கள் மொத்தம் 14. இறுதி நூல், 1919இல் அவர் மறைந்த பின்னர், 1920இல் வெளிவந்தது.

அப்பிள்ளைகளுக்கு ஓஸ் வெறுங் கற்பனையன்று. அது தொலைவிலுள்ள ஒரு நாடு. கடிதமும் தந்தியும் போய்ச் சேரத்தக்க நாடு. ஆசிரியரும் அந்த நம்பிக்கைக்கு ஊறு நேராமற் காத்தார். இதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில், 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் மேல் நூலன்பர்களுக்குள்ள வழக்கு இவ்விடத்திலேதான் எழுகிறது. நானும் நூலை முன்னர்ப் படித்துவிட்டுப் படத்தைப் பின்னர்ப் பார்த்தவன்.

'சினோ வைற்' என்னும் வோல்ற் டிஸ்னியின் சித்திரப்படம் 1937இன் இறுதியில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. மாயக் கதையும் பொருளீட்டும் என்று கண்ட மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் போமின் நூலைப் படமாக்கத் துணிந்தனர். செலவு 27 இலட்சம் டொலருக்கு மேல். நெறியாளராக விக்ரர் பிளெமிங்கின் பெயர் காணப்பட்டாலும், அவர் வேறொரு படத்திற்குச் சென்றுவிட, கன்சாஸ் காட்சிகளை எடுத்து முடித்தவர் கிங் விடோர். சிறுமி டொரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்கு அப்போது வயது 16.

முதற் காட்சிகள் என்னைப் பெரிதும் மகிழ்வித்தன. கன்சாஸ் சமவெளியைப் போம் வருணிக்கும் பாங்கை நூலைப் படித்தவர் மறவார். நிலமும் வீடும், ஏன், எம் மாமியின் கண்களும் கன்னங்களுங்கூட அங்கே சாம்பல் நிறந்தான். படத்திலும் அப்பகுதி முழுவதும் மங்கிய பழுப்பு நிறத்திலே செல்கிறது. பின்னர் டொரதி கதவைத் திறக்கிறாள். வண்ணங்கள் அனைத்தும் ஒருங்கே கண்முன் விரிகின்றன. ஆசிரியர் சொல்லிற் செய்ததைத் திரை ஒளியிற் செய்துவிட்டது. அதனினுஞ் சிறப்பாக அதனைச் செய்திருக்க இயலாது.

அந்த வண்ணத்தின் பொருட்டே முதல் மாற்றமும் நேர்ந்தது. நூலில் டொரதி அணிவது வெள்ளிப் பாதணி. டெக்னிகலர்ப் படத்தில் வெள்ளி எடுபடாதென்று கருதி அதனைச் செம்மாணிக்கப் பாதணி ஆக்கிவிட்டனர். இதனைப் பெருங்குற்றமாகப் பேசுவோர் உளர். எனக்கு அதில் வருத்தமில்லை. பச்சைக் கண்ணாடியை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் குறை. நூலிலே மரகத நகருக்குட் புகுவோர் யாவரும் பச்சை மூக்குக்கண்ணாடி அணிந்தாகவேண்டும். காவலன் அதனைப் பூட்டித் திறப்பையுந் தன்னிடமே வைத்துக்கொள்வான். நகரின் பசுமையிற் பெரும்பங்கு அக்கண்ணாடி தந்ததே. திரைக்குப் பின்னால் நின்று ஏமாற்றும் மாயாவியைப் படம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் தம் கண்ணிலேயே ஏமாற்றத்தை அணிந்து திரியும் ஒரு நகரத்தையே அது இழந்துவிட்டது.

இனி முடிவுக்கு வருவோம். நூலில் டொரதி வானூடு பறந்து கன்சாஸ் வந்து விழும்போது காலிற் பாதணி இல்லை. அவை பாலைவனத்தில் வீழ்ந்துவிட்டன. எதிரே நிற்பது ஹென்றி மாமா கட்டிய புதிய வீடு. பழையதைத்தான் சூறாவளி கொண்டுபோயிற்றே! கனவு கண்டவளுக்கு வீடு தொலையாது. படத்திலோ அவள் அதே பழைய வீட்டிலே, தலையில் அடிபட்டுக் கட்டிலிற் கிடந்து விழிக்கிறாள். வெருளி முதலிய மூவரும் பண்ணையாட்களின் முகங்களோடு சூழ்ந்து நிற்கின்றனர். மாமி அது கனவென்று தேற்றுகிறாள். டொரதியும், வீட்டிற்கு இணையான இடமில்லையென்று சொல்லி அமைகிறாள்.

அந்த வாசகத்தை ஸ்ரூடியோ தானாகப் புனையவில்லை. நூலிலும் டொரதி வெருளியிடம் அவ்வாறுதான் கூறுகிறாள். ஆனால் வெருளி விடுவானா? உங்கள் தலைகளிலும் வைக்கோல் இருந்திருந்தால் எல்லாரும் அழகிய இடங்களிற் போய்க் குடியிருப்பீர்கள், கன்சாசில் ஆளே இராது, உங்களுக்கு மூளை இருப்பது அவ்வூரின் நற்பேறு என்ற கருத்தில் விடையிறுக்கிறான். படமெடுத்தோர் சிறுமியின் கூற்றை வைத்துக்கொண்டு வெருளியின் குறும்பைத் தள்ளிவிட்டனர். நூலில் நகையோடு வந்தது, திரையில் நீதியுரை ஆயிற்று.

இது நூல் வெறியரின் முறுமுறுப்பென்று நேயர்கள் எண்ணக்கூடும். எதிர்த்திசையிலிருந்து வந்த ஓர் அன்பரையும் கேளுங்கள். எழுத்தாளர் சல்மான் ருஷ்டி பம்பாயிலே சிறுவனாக இருந்தபோது இப்படத்தில் மனம் பறிகொடுத்தவர். 1992இல் இதனைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். நூலினும் படமே மேல் என்பது அவர் கொள்கை. ஆயினும் அந்த முடிவை அவராலும் ஏற்க முடியவில்லை. வேறு வேறு வாயிலால் உட்புகுந்த இருவர் ஒரே தூணில் முட்டிக்கொள்வதென்றால், தூண் பிழையான இடத்தில் நாட்டப்பட்டிருக்கிறது என்றே நான் கொள்வேன்.

ஆனாலும் காலம் படத்தின் பக்கமே சாய்ந்தது. முதல் வெளியீட்டிற் போதிய இலாபந் தராத அப்படம், 1956 நவம்பர் 3ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 1959 முதல் ஆண்டுதோறும் வீடுதேடி வந்தது. பிள்ளைகள் படத்தையே முதலிற் கண்டனர். நூலைப் பின்னரே தேடினர், சிலர் தேடவேயில்லை. அடுத்த ஆண்டாகிய 1957இலே 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஓஸ் நூலன்பர்களுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினான். முதலிற் சேர்ந்தோர் 16 பேரே. 1985இல், வோல்ற்றர் மேர்ச் நெறியாள்கையில், பிந்திய நூல்களிரண்டைத் தழுவி ஒரு படம் வந்தது. போமின் மனப்போக்குக்கு அது நெருக்கமானது. ஓசை வெறுங் கனவென்று அது தள்ளிவிடவுமில்லை. மக்களோ அது மிக இருண்டதென்று ஒதுக்கினர். அவர்களுக்கு 1939ஆம் ஆண்டுப் படமே மூலநூலாகிவிட்டது. அப்புதிய படத்திலும் டொரதிக்குக் கிடைத்தவை மாணிக்கப் பாதணிகளே!

படத்தோடு அமைந்தவர்கள் அறியாமற்போன ஒரு செய்தியுண்டு. அது 1910ஆம் ஆண்டு நூலிலுள்ளது. ஹென்றி மாமா வீடு கட்டுவதற்காகப் பண்ணையை ஈடு வைத்திருந்தார். கடனை அடைக்க முடியவில்லை. வங்கி நிலத்தைக் கைக்கொள்ளும் நாள் நெருங்கியது. டொரதி ஓஸ் நாட்டு இளவரசியிடம் உதவி வேண்டினாள். மாமாவும் மாமியும் கன்சாசை நீங்கி மரகத நகரிற் குடியேறினர். பிள்ளை சொன்ன கதைகளை அதுவரை முற்றும் நம்பாதிருந்த எம் மாமி, பட்டாடை உடுத்து, கைக்கு வேலையின்றித் தவித்து, இந்நாட்டிற் கோழிகள் உண்டா என்று அரண்மனையிலே விசாரித்துக்கொண்டு நின்றாள்.