பெட்டிக்குள் மூன்று கார்கள்

1958-இல் அமெரிக்கக் கடைகளின் அலமாரிகளுக்குப் புதுவிதமான ஓர் அட்டைப்பெட்டி வந்தது. விலை ஒன்றரை டாலரைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு வெளியான கார் ஒன்று, நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் துண்டுகளாக உள்ளே கிடந்தது. ஒரு காரைக் கட்டி முடிக்க வேண்டியதைவிட அதிகமான துண்டுகள் இருந்தன. ஷோரூமில் நிற்பதைப் போலவே கட்டலாம். உயரத்தைத் தாழ்த்தி, அலங்காரம் கூட்டி, கஸ்டம் வண்டியாக்கலாம். எண் ஒட்டிப் பந்தயத்துக்கும் அனுப்பலாம். ஏஎம்டி, எஸ்எம்பி என்ற இரு மிச்சிகன் நிறுவனங்களின் 'த்ரீ இன் ஒன்' கிட் இது. மூன்றில் எதைக் கட்டினாலும் மற்ற இரண்டுக்கான பாகங்கள் கையில் மிஞ்சும். மிஞ்சியதை யாரும் குப்பையில் போடவில்லை. ஷூ பெட்டியில் போட்டுவைத்து அடுத்த வண்டியில் பொருத்திப் பார்த்தார்கள். மாதிரிக் கார்களை மாற்றிக் கட்டும் பழக்கம் வேரூன்றியது அந்த மிச்சத்தில்தான்.

ஏஎம்டி பிறந்தது பொம்மைக் கடையை நம்பி அல்ல, கார் வியாபாரத்தை நம்பி. வழக்கறிஞரான வெஸ்ட் கல்லோக்லி 1948-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. முழுப்பெயர் அலுமினம் மாடல் டாய்ஸ். முதல் சரக்கு, அலுமினியத்தில் வார்த்த ஒரு ஃபோர்டு செடான். நிஜக் காருக்கு அடிக்கும் அதே பெயின்ட்டைப் பூசி, ஃபோர்டு டீலர்களிடமே விற்றார்கள். சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். முழுதாகக் கட்டி முடித்த இந்தச் சிறு வண்டிகளுக்கு 'புரோமோ' என்று பெயர். புதுக் கார் பார்க்க அப்பாவுடன் வந்த பையன் கையில் டீலர் ஒன்றைக் கொடுத்தனுப்புவார். கார் வாங்காமல் திரும்பிய குடும்பத்தின் வீட்டிலும் அந்தக் காரின் வடிவம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் காலத்து டெட்ராய்ட், ஆண்டுதோறும் கார்களின் முகத்தை மாற்றியது. புது மாடல் ஷோரூமுக்கு வரும் நாளில் புரோமோவும் மேஜையில் இருக்க வேண்டும். அதனால் ஊருக்குத் தெரியாத வரைபடங்கள் மாதங்களுக்கு முன்பே மாதிரி செய்பவர்களின் கைக்கு வந்தன. ரகசியம் காப்பது தொழிலின் நிபந்தனை ஆயிற்று. பிளாஸ்டிக்தான் படுத்தியது. ஆரம்பத்தில் பயன்பட்ட அசிடேட் காலப்போக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கூரை தொய்ந்து, பானெட் வாழைப்பழமாக வளைந்த 1950-களின் புரோமோக்களைச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் பார்க்கலாம். 1960-களின் தொடக்கத்தில் ஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்த பிறகே உருவம் நிலைத்தது.

புரோமோவுக்கு வெட்டிய அச்சில் பாகங்களைத் தனித்தனியாக எடுத்து, உபரி அலங்காரங்கள் சேர்த்துப் பெட்டியில் அடைத்ததுதான் 1958-இன் கிட். பானெட்டுக்கு அடியில் எஞ்சின்கூட இல்லை. அந்தக் குறையை 1959-இல் ஏஎம்டியின் டிராஃபி வரிசை தீர்த்தது. அதில் வந்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், எந்த டீலரும் விற்க நினைக்காத பழைய வண்டி. ஆனால் கலிஃபோர்னியா இளைஞர்கள் பழைய இரும்புக் கடைகளில் தேடி வாங்கி, பெரிய எஞ்சின் ஏற்றி, ஹாட் ராடாக மாற்றிக்கொண்டிருந்தது அதைத்தான். நிறுவனம் முதன்முறையாகக் கார் கம்பெனி சொன்னதை விட்டுவிட்டு, தெருவில் வண்டி கட்டுபவன் செய்வதைப் பின்தொடர்ந்தது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் அதுவே.

தெருவில் செய்ததை மேஜையில் செய்வது எப்படி என்பதற்குக் கூரை தாழ்த்தும் வேலை நல்ல எடுத்துக்காட்டு. நிஜக் காரின் கூரையை மூன்று அங்குலம் இறக்கினால், 1:25 மாதிரியில் அது மூன்று மில்லிமீட்டர். மெல்லிய ரம்பத்தால் தூண்களை அறுத்து மூன்று மில்லிமீட்டரை எடுத்துவிட்டுக் கூரையைத் திரும்ப வைத்தால், அது உட்காராது. முன் கண்ணாடித் தூண்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை, பக்கத் தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. இறங்கிய கூரையின் முனைகள் கீழே நிற்கும் அடித்தூண்களைத் தொடாமல் விலகி நிற்கும். ஆகவே கூரையையே நடுவில் பிளந்து, இடையில் ஸ்டைரீன் பட்டை வைத்து நீட்ட வேண்டும். பிறகு பட்டி பார்த்து, தண்ணீர் தொட்டு எமரி தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்த்தால் இன்னொரு பள்ளம் தெரியும். மறுபடியும் பட்டி. கண்ணாடியும் அதே அளவுக்குக் குறைய வேண்டும். அந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் லேசாக அழுத்தினாலே விரிசல் விட்டுவிடும். கூரை தாழ்ந்த மெர்குரி கார் ஒன்று பார்வைக்கு எளிமையாக இருக்கிறதென்றால், கட்டியவர் தன் வேலையை முழுதாக மறைத்துவிட்டார் என்று பொருள்.

இதே வேலையை நிஜத் தகட்டில் செய்து பேர் வாங்கியவர்களை நிறுவனங்கள் அழைத்துக்கொண்டன. ஜார்ஜ் பாரிஸ் ஏஎம்டிக்கு ஆலோசனை சொன்னார். எட் 'பிக் டாடி' ராத்தின் விசித்திர வண்டிகளையும் 'ராட் ஃபிங்க்' என்ற கார்ட்டூன் எலியையும் கலிஃபோர்னியாவின் ரெவெல் நிறுவனம் கிட்டாக்கியது. 1966-இல் ஏஎம்டி இன்னும் ஒரு படி போய், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜீன் வின்ஃபீல்டின் தலைமையில் முழு அளவுக் கார் கட்டும் பட்டறையே வைத்தது. பிரான்யா என்ற பிளாஸ்டிக் பாடி கொண்ட விளையாட்டுக் கார் அங்கே உருவானது. 'ஸ்டார் டிரெக்' தொடரின் கலிலியோ ஓடமும் வின்ஃபீல்டின் கைவேலை. அதே தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலத்தைக் கிட்டாக விற்கும் உரிமைக்கு ஈடாக ஏஎம்டி அந்த ஓடத்தைக் கட்டிக் கொடுத்தது.

சிகாகோ வட்டாரத்து மோனோகிராம் கிட் நிறுவனத்தில் திசையே தலைகீழானது. டாம் டேனியல் வரைந்த 'ரெட் பேரன்', முதலாம் உலகப் போர்க்கால ஜெர்மன் இரும்புத் தொப்பியைக் கூரையாகக் கவிழ்த்த ஹாட் ராட். 1968-இல் வந்தபோது அது வெறும் கிட். அப்படியொரு கார் உலகில் எங்கும் இல்லை. விற்பனை பிய்த்துக்கொண்டு போனதும், அந்தப் பிளாஸ்டிக் வண்டியைப் பார்த்து, கஸ்டம் கார் கட்டும் சக் மில்லர் நிஜக் காரைக் கட்டினார். கிட்டில் இருந்த பழைய விமான எஞ்சினுக்குப் பதில் போன்டியாக் ஆறு சிலிண்டர் எஞ்சின் பொருத்தினார். கார் கண்காட்சிகளில் மக்கள் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள்.

கிட்டே இல்லாமல், மரக்கட்டையிலிருந்து தொடங்கிய இன்னொரு மரபும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பையன்களுக்காக நடத்திய கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்ட் போட்டியில், தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு, தானே வடிவமைத்த காரைத் தானே செதுக்கி அனுப்ப வேண்டியிருந்தது. பரிசு கல்லூரிப் படிப்புக்கான பணம். 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். மாதிரி செய்வதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு பெயரையாவது நினைவில் வைக்க வேண்டும்.

லாரிகளின் கதை வேறு. 1970-ஐ ஒட்டி ஏஎம்டி, பீட்டர்பில்ட் 359 வண்டியைக் 'கலிஃபோர்னியா ஹாலர்' என்ற பெயரில் வெளியிட்டது. நீண்ட மூக்கும் குரோம் புகைக்குழாய்களும் கொண்ட அந்த வண்டிக்குப் பின்னால் கென்வொர்த், ஆட்டோகார், ஜிஎம்சி என்று ஒரு படையே வந்தது. 1974 முதல் 1976 வரை என்பிசியில் ஓடிய 'மூவின் ஆன்' தொடரில் நாயகர்கள் ஓட்டிய கென்வொர்த்தும் கிட்டானது. இழுத்துச் செல்ல ஃப்ரூஹாஃப் டிரெய்லர்கள் தனிப் பெட்டிகளில் கிடைத்தன. அயோவாவின் டயர்ஸ்வில்லில் உழவு டிராக்டர் பொம்மைகளுக்குப் பேர்போன எர்ட்லும் லாரி கிட்டில் இறங்கியது.

கார் மாதிரியில் மாற்றம் என்பது கற்பனை. லாரியில் அதுவே யதார்த்தம். அமெரிக்காவில் கனரக லாரி வாங்குபவர் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், சேசிஸின் நீளம், படுக்கை அறை எல்லாவற்றையும் சொல்லிச் செய்வித்துக்கொள்கிறார். அதனால் பெட்டியில் வந்தபடியே கட்டிய லாரி, ஏதோ ஒரு முதலாளியின் ஒரு வண்டிதான். தன் தந்தையோ மாமாவோ ஓட்டிய வண்டி வேண்டும் என்றால் அறுத்தே ஆக வேண்டும். சேசிஸின் இரண்டு நீள் சட்டங்களை கேபினுக்குப் பின்னால் வெட்டி, நிஜத்தில் ஓர் அடி நீட்டுவதற்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஸ்டைரீன் துண்டு செருகுவார்கள். இரு பக்கமும் சமமாக வராவிட்டால் வண்டி மேஜையில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பிரேக்குக்கான சிவப்பு, நீலக் காற்றுக் குழாய்களுக்காக மெல்லிய ஒயரை ஊசியில் சுற்றிச் சுருளாக்குவார்கள். ஒரு கிட்டின் கேபின், இன்னொன்றின் ஆக்சில், மூன்றாவதன் டிப்பர் தொட்டி என்று கலந்து கட்டுவது லாரிக்காரர்களிடம் சாதாரணம்.

எழுபதுகளில் சரிவு தொடங்கியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பிளாஸ்டிக்கின் விலையை ஏற்றியது. பசையை முகரும் பழக்கம் குறித்து ஏற்கெனவே நாடெங்கும் கவலை எழுந்திருந்தது; மூக்கை எரிக்கும் கடுகு எண்ணெயை 1969-இல் டெஸ்டர் நிறுவனம் தன் பசையில் சேர்த்தது. கம்பெனிகள் கைமாறின. ஏஎம்டி 1978-இல் மேட்ச்பாக்ஸை நடத்திய லெஸ்னியிடம் போய், பின்னர் எர்ட்லிடம் வந்தது. ரெவெலும் மோனோகிராமும் 1986-இல் ஒன்றாயின. பிளாஸ்டிக் பாகங்களோ எதிர்பாராத இடத்தில் முளைத்தன: 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களுக்கு இயந்திரத் தோற்றம் தர, கார், டாங்கி கிட்களின் துண்டுகளை நூற்றுக்கணக்கில் ஒட்டினார்கள்.

பழைய கிட்களைத் திரும்பக் கொண்டுவருவதில் ஒரு பெரும் தடை. புரோமோ காலத்தில் ஓர் ஆண்டின் அச்சையே செதுக்கி அடுத்த ஆண்டின் காருக்கு மாற்றினார்கள். 1961-இன் காரை 1962-இன் கார் விழுங்கிவிட்டது. தொலைந்த பாடிகளுக்காக, பழைய பிரதி ஒன்றை ரப்பர் அச்செடுத்து ரெசினில் வார்க்கும் குடிசைத் தொழில் உருவானது. பழைய கிட்டைப் பிரித்துப் புதுப்பிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் ரசாயனம், அது மாட்டியிருக்கும் ஸ்டைரீன் வீலைப் பல ஆண்டுகளில் கரைத்துவிடும். வீலுக்கும் டயருக்கும் நடுவில் மெல்லிய ஃபாயில் சுற்றி இதைத் தடுக்கிறார்கள்.

ஏஎம்டி, இன்னொரு கிட் நிறுவனமான எம்பிசி ஆகியவற்றின் பெயர்களும் எஞ்சிய அச்சுகளும் இப்போது இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில் ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. கலிஃபோர்னியா ஹாலர் உட்படப் பலவற்றை அது பழைய ஓவியத்தோடும் புதிய ஸ்டிக்கர்களோடும் மறுபடி வெளியிட்டிருக்கிறது. வாங்குபவர்களில் பலர் முதல் பெட்டியைப் பிரித்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். கிட்டில் இல்லாத எஞ்சினையும் படுக்கை அறையையும் அவர்கள் இன்று கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்போதும் பெட்டியில் மிஞ்சிய பாகங்கள் ஷூ பெட்டிக்கே போகின்றன.