குடல் மறுப்பதில்லை

எண்ணெயைத் தொடவே கூடாது என்போரும் தேங்காயெண்ணெய் உடலில் தங்குவதில்லை என்போரும் நம்மிடையே உள்ளனர். இவ்விரு கூற்றுகளும் எந்தளவு சரியானவை என்பதை அறிய வேண்டுமாயின், உண்ட கொழுப்புக்குக் குடலில் என்ன நேர்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கொழுப்பு நீரில் கரைவதில்லை. குடலில் உள்ளதோ பெரும்பாலும் நீரே. இச்சிக்கலைத் தீர்ப்பது, ஈரலில் சுரந்து பித்தப்பையில் சேமிக்கப்படும் பித்தநீராகும். சிறுகுடலின் முற்பகுதியில் அது கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறச் செய்கிறது. சதையியிலிருந்து வரும் நொதியம் அத்துளிகளைக் கொழுப்பமிலங்களாகவும் மொனோகிளிசரைட்டுகளாகவும் உடைக்கிறது. பித்த உப்புகள் இவற்றைச் சூழ்ந்து, குடற்சுவரின் சடைமுளைகள் வரை சுமந்து செல்கின்றன.

குடற் கலங்களுக்குள் நுழைந்ததும் அவை மீண்டும் கொழுப்பாக ஒன்றிணைகின்றன. பின்னர் புரதம் சேர்ந்த உறையொன்றைப் பெற்று, கைலோமைக்குரோன் எனப்படும் நுண்துணிக்கைகளாகின்றன. மாச்சத்திலிருந்து கிடைக்கும் வெல்லம் குருதி வழியே நேரடியாக ஈரலை அடைய, இத்துணிக்கைகளோ நிணநீர்க் குழாய்கள் வழியே மேலேறி, இடது கழுத்தடியிலுள்ள நாளத்தில் குருதியுடன் கலக்கின்றன. 1622 இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரோ அசெல்லி, உணவுண்ட நாயொன்றை அறுத்து ஆராய்ந்தபோது கண்ட பால்நிறக் குழாய்கள் இவையே.

தேங்காயெண்ணெய் பற்றிய நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. 8 அல்லது 10 காபன் அணுக்களைக் கொண்ட குறுகிய கொழுப்பமிலங்கள், நிணநீரை நாடாது நேரே ஈரலுக்குச் சென்று விரைவில் சக்தியாக மாறுகின்றன. ஆயினும் தேங்காயெண்ணெயில் இவற்றின் அளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மாத்திரமே. அதில் ஏறக்குறைய சரிபாதியாகவுள்ள லோரிக் அமிலத்தின் கணிசமான பகுதி நிணநீர் வழியே செல்கிறது. எனவே, தேங்காயெண்ணெய் தங்காது என்று எண்ணித் தாராளமாகப் பயன்படுத்துவது தவறாகும்.

ஆரோக்கியமான குடல், உண்ட கொழுப்பில் ஏறக்குறைய 95 சதவீதத்தை உள்வாங்கிவிடுகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி சக்தியைத் தருகிறது. மாச்சத்தோ 4 கிலோகலோரியையே தருகிறது. பெருநாள் புரியாணியாயினும் தீபாவளிப் பலகாரமாயினும், அளவு மிஞ்சிவிட்டதென்று குடல் எதனையும் மறுப்பதில்லை.

அதேவேளை, கொழுப்பை முற்றாக ஒதுக்குவதும் விவேகமன்று. ஏ, டி, ஈ, கே ஆகிய விட்டமின்கள் கொழுப்பின் துணையோடே உறிஞ்சப்படுகின்றன. வல்லாரைச் சம்பலுக்குத் தேங்காய்ப்பூ சேர்க்கும் நமது வழக்கம், கீரையின் சத்து உடலிற் சேரவும் உதவுகிறது.

நாளாந்தச் சக்தியில் மொத்தக் கொழுப்பு 30 சதவீதத்தையும், நிரம்பிய கொழுப்பு 10 சதவீதத்தையும் தாண்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வலியுறுத்தியது. தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பே என்பதை நாம் மறந்துவிடலாகாது. குடல் அளவு பார்ப்பதில்லையாதலால், அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு சமையலறையிலேயே தங்கியுள்ளது.