வெகுமதிப் பயணச்சீட்டு மாற்றம்

வெகுமதிப் பயணச்சீட்டு மாற்றம் என்பது, வானூர்தி நிறுவனம் ஒன்றின் அடிக்கடிப் பயணிப்போர் திட்டத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துப் பெற்ற பயணச்சீட்டின் நாள், நேரம், வழி, வகுப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். சீட்டை முற்றாக நீக்கிப் புள்ளிகளைத் திரும்பப் பெறுவதும் பொதுவாக இதனுடன் சேர்த்தே பேசப்படுகின்றது. தொடக்கத்தில் பறந்த தொலைவைக் கொண்டு கணக்கிடப்பட்டமையால் இப்புள்ளிகள் மைல்கள் என்றும் வழங்கப்படுகின்றன. பேச்சு வழக்கில் இது இலவசச் சீட்டு எனப்பட்டாலும் அப்பெயர் முழுவதும் பொருந்தாது. வரிகளையும் பல நிறுவனங்கள் விதிக்கும் கூடுதல் கட்டணங்களையும் பயணி பணமாகவே செலுத்த வேண்டும்.

பணம் கொடுத்து வாங்கிய சீட்டுக்கும் வெகுமதிச் சீட்டுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் முன்பதிவுக் குறியீடும் சீட்டு எண்ணும் உண்டு. மாற்றம் என்று வரும்போதுதான் இரண்டும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை என்பது தெரியவருகின்றது.

வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978 ஆம் ஆண்டு உள்நாட்டு வான்போக்குவரத்து மீதான அரசின் கட்டுப்பாடு சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. கட்டணத்தையும் வழித்தடத்தையும் நிறுவனங்களே முடிவு செய்யத் தொடங்கியதும் போட்டி கடுமையானது. பழைய வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் நோக்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 ஆம் நாள் ஏஅட்வான்டேஜ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைட்டெட் ஏர்லைன்சும் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அறிவித்தது. பிற நிறுவனங்கள் விரைவிலேயே பின்தொடர்ந்தன.

1997 இல் ஸ்டார் அலையன்ஸ், 1999 இல் ஒன்வேர்ல்ட், 2000 இல் ஸ்கைடீம் ஆகிய கூட்டணிகள் உருவாயின. ஒரு நிறுவனத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு கூட்டணியிலுள்ள வேறொரு நிறுவனத்தின் வானூர்தியில் பறக்கும் வசதி இதனால் பெருகியது. சீட்டு மாற்றம் சிக்கலான ஒன்றாக ஆனதும் இக்காலத்தில்தான் எனலாம்.

இருக்கை ஒதுக்கீடு

வெகுமதிச் சீட்டை மாற்ற முயலும் பயணி முதலில் எதிர்கொள்வது இருக்கை ஒதுக்கீட்டுச் சிக்கலாகும். ஒரு வானூர்தியின் இருக்கைகள் கணினியில் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பல பதிவு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை இருக்கைகளைத் திறந்து வைப்பது என்பதை நிறுவனத்தின் வருவாய் மேலாண்மைப் பிரிவு முடிவு செய்கின்றது. வெகுமதிச் சீட்டுக்கென்று தனி எழுத்துகள் உண்டு. ஸ்டார் அலையன்ஸ் நிறுவனங்கள் தம் கூட்டாளிகளின் உறுப்பினர்களுக்கு வழங்கும் இருக்கைகளில் எக்ஸ் என்பது சிக்கன வகுப்பையும், ஐ என்பது வணிக வகுப்பையும், ஓ என்பது முதல் வகுப்பையும் குறிப்பது வழக்கம்.

ஆகவே ஒரு வானூர்தியில் ஐம்பது இருக்கைகள் காலியாக இருந்தாலும், வெகுமதிக்கான எழுத்தில் ஓர் இருக்கையும் திறக்கப்படாவிட்டால் அந்த நாளுக்குச் சீட்டை மாற்ற இயலாது. "விற்பனைக்கு இடமிருக்கின்றது, எனக்கு மட்டும் இல்லையா?" என்று பயணிகள் அடிக்கடி எழுப்பும் கேள்விக்கு விடை இதுவே. மாற்றுக் கட்டணம் இல்லை என்று ஒரு நிறுவனம் அறிவிப்பதால் மாற்றம் எளிதாகிவிடுவதில்லை. கட்டணம் ஒரு தடை மட்டுமே, இருக்கை அதைவிடப் பெரிய தடை.

சில திட்டங்கள் இதற்கு ஓரளவு வழி செய்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் குறைந்த புள்ளிகளுக்குக் கிடைக்கும் சேவர் வகைக்குக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. கூடுதல் புள்ளிகள் தேவைப்படும் அட்வான்டேஜ் வகையில் இருக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம், மாற்ற விதிகளும் தளர்வானவை. இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டாளி நிறுவனத்தின் இருக்கை இணையத்தளத்தில் இருப்பதாகக் காட்டப்பட்டு, பதிவு செய்ய முயலும்போது மறைந்துவிடும். இரு நிறுவனக் கணினிகளின் தகவல்கள் ஒத்துப்போகாமையே இதற்குக் காரணம். இத்தகைய பொய்த் தோற்ற இருக்கையை நம்பிக் கையிலிருந்த சீட்டை நீக்கியவர்கள் இரண்டையும் இழக்க நேரிடுகின்றது.

சீட்டை வழங்கியவரும் பறக்கச் செய்பவரும்

மின்னணுப் பயணச்சீட்டு எண் 13 இலக்கங்களைக் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும்: 001 அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 098 ஏர் இந்தியா, 125 பிரித்தானிய ஏர்வேஸ், 603 சிறீலங்கன் ஏர்லைன்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். மாற்றம் வேண்டுவோர் முதலில் பார்க்க வேண்டியது இம்மூன்று இலக்கங்களையே.

எடுத்துக்காட்டாக, கிரிஸ்ஃபிளையர் புள்ளிகளைக் கொண்டு ஒருவர் சப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் வானூர்தியில் சீட்டுப் பெறுகின்றார் என்று கொள்வோம். அவருடைய சீட்டு எண் 618 என்று தொடங்கும். நாளை மாற்ற வேண்டுமாயின் அவர் அணுக வேண்டியது சிங்கப்பூர் ஏர்லைன்சை. வானூர்தியை இயக்கும் சப்பானிய நிறுவனம் பொதுவாகச் சீட்டைத் தொடாது. இந்த விதியை அறியாத பயணி இரு நிறுவனங்களுக்கிடையே மாறி மாறித் தொலைபேசுவது வழமையாக நிகழும் ஒன்றாகும். பயண நாளன்று தாமதத்தாலோ நீக்கத்தாலோ இடையூறு நேரும்போது இந்நிலை மாறி, இயக்கும் நிறுவனமே பயணியை வேறு வானூர்திக்கு மாற்றும் பொறுப்பை ஏற்கின்றது.

மாற்றத்தைக் கோரும் உரிமையும் கவனிக்கத்தக்கது. சீட்டு யார் பெயரில் இருந்தாலும் புள்ளிகள் யாருடைய கணக்கிலிருந்து கழிக்கப்பட்டனவோ அவரே மாற்றத்தைக் கோர வேண்டும் எனப் பல திட்டங்கள் வலியுறுத்துகின்றன. தந்தையின் புள்ளிகளில் பயணம் செய்யும் மகன் அயல்நாட்டு வானூர்தி நிலையத்தில் நின்றுகொண்டு, நள்ளிரவில் ஊரிலுள்ள தந்தையை எழுப்ப வேண்டிய நிலை இவ்விதியால் ஏற்படுவதுண்டு. சீட்டிலுள்ள பயணியின் பெயரை வேறொருவர் பெயராக மாற்றுவதைப் பெரும்பாலான திட்டங்கள் அனுமதிப்பதில்லை.

மாற்றம் நடைபெறும் முறை

முன்பதிவும் பயணச்சீட்டும் ஒன்றல்ல. முன்பதிவு என்பது இருக்கையைப் பிடித்து வைக்கும் குறிப்பு. சீட்டு என்பது அதற்கான மதிப்பைத் தாங்கிய ஆவணம். மாற்றத்தின்போது முன்பதிவில் புதிய வானூர்தி சேர்க்கப்பட்ட பின்னர், சீட்டும் அதற்கேற்ப மீள வழங்கப்பட வேண்டும். இரண்டாம் படி விடுபட்டால், முன்பதிவு "உறுதி" என்று காட்டினாலும் வானூர்தி நிலையத்தில் நுழைவு அட்டை கிடைக்காது. தொலைபேசி வழியாகக் கூட்டாளி நிறுவனச் சீட்டை மாற்றும்போது இத்தவறு நேரக்கூடும் என்பதால், மாற்றத்துக்குப் பின் சீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்று, இயக்கும் நிறுவனத்தின் தளத்தில் சரிபார்ப்பது அறிவுடைமை. புதிய இருக்கை உறுதியாகும் வரை பழையதை விடுவிக்கக் கூடாது என்பதும் இதனோடு ஒட்டிய எச்சரிக்கை. விடுவித்த வெகுமதி இருக்கை மீண்டும் அதே வகுப்புக்குத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

ஒரே முன்பதிவிலுள்ள குடும்பத்தில் ஒருவர் மட்டும் நாளை மாற்ற விரும்பினால் முன்பதிவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் கட்டப் பயணத்துக்கு வராமல் போனால் எஞ்சிய கட்டங்கள் தாமாகவே நீக்கப்படும். இதில் பணச்சீட்டுக்கும் வெகுமதிச் சீட்டுக்கும் வேறுபாடில்லை. நாளைத் தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. பல திட்டங்களில் சீட்டு முதலில் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் பயணம் முடிய வேண்டும்.

கட்டணமும் புள்ளி வேறுபாடும்

2010களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், புறப்படும் இடம், சேருமிடம், வெகுமதி வகை ஆகியவை மாறாதவரை நாள் மாற்றத்தைக் கட்டணமின்றி அனுமதித்தது. புள்ளிகளைக் கணக்கில் மீளச் சேர்க்க முதல் சீட்டுக்கு 150 டாலர் பெற்றது. டெல்டா ஏர்லைன்ஸ் 2013 இல், புறப்பாட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் வெகுமதிச் சீட்டை மாற்றவோ நீக்கவோ முடியாது என்று விதித்தது. திடீர் நோயோ இறப்போ ஏற்பட்டுப் பயணத்தை மாற்ற நேர்ந்தவர்களுக்கு இது கடும் விதியாக அமைந்தது.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றால் வான்பயணம் ஏறத்தாழ நின்றுபோனபோது இந்நிலை தலைகீழாக மாறியது. பயணிகளைப் பதிவு செய்யத் தூண்டும் பொருட்டு அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் மாற்றுக் கட்டணங்களைக் கைவிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அவ்வாண்டு நவம்பரில் புள்ளிகளை மீளச் சேர்க்கும் கட்டணத்தையும் நீக்கியது.

ஆயினும் மற்றொரு பக்கத்தில் செலவு கூடியது. முன்னர் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் இத்தனை புள்ளிகள் என்று அட்டவணை இருந்தது. டெல்டா 2015 இல் அதனை அகற்றியது. யுனைட்டெட் 2019 நவம்பர் முதல் அவ்வழியைப் பின்பற்றியது. அட்டவணை இல்லாத திட்டத்தில் புள்ளி விலை தேவைக்கேற்ப நாளுக்கு நாள் மாறும். எனவே கட்டணமின்றி நாளை மாற்றும் பயணி, புதிய நாளின் விலைக்கும் பழைய விலைக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிகளாகச் செலுத்த நேரிடுகின்றது. அதே விதியால் விலை இறங்கியபோது மறுபதிவு செய்து புள்ளிகளை மீட்போரும் உள்ளனர்.

வரிகளும் மாறக்கூடியவை. பிரித்தானியாவின் வான்பயணி வரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து இலண்டன் வழியாக நியூயார்க் செல்பவர் இலண்டனில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த வானூர்தியில் ஏறினால் அவர் இடைமாறும் பயணியாகக் கருதப்பட்டு இவ்வரியிலிருந்து விலக்குப் பெறுவார். நாள் மாற்றத்தால் அந்த இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டினால் வரி சேர்ந்துவிடும்.

காலாவதியான புள்ளிகள்

சீட்டை நீக்கினால் புள்ளிகள் புதிய ஆயுளுடன் திரும்புவதில்லை. பழைய காலாவதி நாளுடனேயே திரும்புவது பல திட்டங்களில் காணப்படும் விதியாகும். கிரிஸ்ஃபிளையரில் புள்ளிகளின் ஆயுள் மூன்று ஆண்டுகள். காலாவதியாகும் தறுவாயிலுள்ள புள்ளிகளைக் கொண்டு அடுத்த ஆண்டுப் பயணத்துக்குச் சீட்டுப் பெற்ற ஒருவர், இடையில் அதனை நீக்கினால் அப்புள்ளிகளை முற்றாக இழக்கக்கூடும். இத்தகையோருக்கு நீக்குவதைவிட நாளை மாற்றுவதே நன்று.

நிறுவனமே பயணத்தை மாற்றும்போது

கால அட்டவணை மாற்றமோ நீக்கமோ நிறுவனத்தின் பக்கமிருந்து வரும்போது பயணியின் நிலை வலுப்பெறுகின்றது. 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஆம் எண் ஒழுங்குவிதி இதில் குறிப்பிடத்தக்கது. பொதுமக்களுக்குக் கிடைக்காத இலவச, சலுகைச் சீட்டுகளை அது விலக்கிவைத்தாலும், அடிக்கடிப் பயணிப்போர் திட்டங்களில் வழங்கப்பட்ட சீட்டுகளுக்குத் தான் பொருந்தும் என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. வானூர்தி நீக்கப்பட்டால், சீட்டின் மதிப்பைத் திரும்பப் பெறுதல் அல்லது ஒத்த நிலையில் வேறு வழியாகச் சேருமிடத்தை அடைதல் என்னும் தெரிவு வெகுமதிப் பயணிக்கும் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 இல் வெளியிட்ட விதி, உள்நாட்டுப் பயணத்தில் மூன்று மணி நேரமும் பன்னாட்டுப் பயணத்தில் ஆறு மணி நேரமும் கொண்ட நேர மாற்றத்தைக் கணிசமான மாற்றம் என வரையறுத்தது.

நீதிமன்றங்களில்

புள்ளி என்பது பயணியின் சொத்தா, நிறுவனம் விரும்பும்போது விதிமாற்றக்கூடிய சலுகையா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை இருமுறை எட்டியது. 1988 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வெகுமதி இருக்கைகளின் எண்ணிக்கையையும் பயன்படுத்தும் நாள்களையும் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே சேர்த்த புள்ளிகளுக்கும் இது பொருந்தியதை எதிர்த்து உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தனர். வோலென்ஸ் வழக்கு எனப்படும் இதில் 1995 இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் வழக்கிட இடமில்லை என்றும், நிறுவனம் தானே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கிடலாம் என்றும் கூறியது. 2014 இல் நார்த்வெஸ்ட் எதிர் கின்ஸ்பெர்க் வழக்கில், உறுப்பினர் நிலை பறிக்கப்பட்ட ஒருவர் நன்னம்பிக்கைக் கடமையை முன்வைத்து வாதிட்டதை நீதிமன்றம் ஒருமனதாக ஏற்கவில்லை. இவற்றின் விளைவாக, திட்டத்தின் விதிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் சொற்களே பயணிக்குள்ள முதன்மையான பாதுகாப்பாக உள்ளன.

இந்தியாவில்

ஏர் இந்தியா 2014 சூலை 11 ஆம் நாள் ஸ்டார் அலையன்சில் இணைந்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் தனி நிறுவனமாக இருந்தமையால் உடனே மறையவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. 2024 நவம்பர் 12 ஆம் நாள் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது கிளப் விஸ்தாரா உறுப்பினர்களின் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன.