திரையில் கண்ட அச்சம்

பெங்களூர் சிவாஜிநகரில் வாழ்ந்த தமிழர்க்கு 1980-களில் இருவகைத் திரையுலகம் அண்மையில் இருந்தது. தமிழ்ப்படம் ஒருபுறம்; நடந்து செல்லும் தொலைவிலிருந்த பிளாசா, ரெக்ஸ் முதலிய அரங்குகளின் ஆங்கிலப் படம் மறுபுறம். பழைய பிளாசாவும் ரெக்ஸும் இன்றில்லை. எனினும் அக்காலத்து விஞ்ஞான அச்சப் படங்கள் மீண்டும் காணத்தக்கவை.

1982-இல் ஜான் கார்ப்பென்டர் இயக்கிய ‘தி திங்’ படத்தில், எவ்வுருவையும் மேற்கொள்ள வல்ல வேற்றுலக உயிர் ஒன்று அண்டார்க்டிக்கா ஆராய்ச்சி நிலையத்தில் புகுகிறது. உடனுண்டு உறங்கிய தோழன் மனிதன்தானா என்ற ஐயம் அனைவரையும் பற்றுகிறது. வெளிவந்தபோது வரவேற்பிழந்த அப்படம் பின்னர்ப் பெரிதும் போற்றப்பட்டது. ராப் பாட்டின் கைத்திறனால் சமைத்த கோர உருவங்கள் இன்றும் வியப்பூட்டுகின்றன. 1986-இல் வந்த டேவிட் குரோனென்பெர்க்கின் ‘தி ஃப்ளை’, தன் சோதனைக்குத் தானே இரையாகி ஈயுரு எய்தும் விஞ்ஞானியைக் காட்டிற்று.

1989-இல் இவ்வச்சம் தமிழ் பேசிற்று. வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ படத்தில் இறந்தவனை மருந்து எழுப்புகிறது, எழுந்தவனோ கொலைபுரிகிறான். உயிர் மீண்டது, மனிதத்தன்மை மீளவில்லை. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவல் எழுப்பிய கேள்வியே இது.

1991 டிசம்பரில் காவிரிப் பூசலையொட்டி இந்நகரில் தமிழர்க்கெதிராகக் கலவரம் மூண்டது. மொழியைக் கொண்டு அயலாரை ஐயுறும் நிலையை அன்று கண்டோம். ஆதலின், அடுத்திருப்பவரை மனிதராகக் காண மறுத்தல் எத்துணைக் கொடிது என்பதை இப்படங்களின் வாயிலாக நம் இளைஞர்க்கு எடுத்துரைப்போம்.