சொன்னாரா, ஒப்புக்கொண்டாரா? ஆங்கிலத்தின் ‘பேசும்’ சொற்கள்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது எனது அன்றாட வேலை. அதில் அதிகம் இடறவைப்பவை அரிய சொற்கள் அல்ல. எல்லோருக்கும் தெரிந்த ஸே, டெல், ஸ்பீக், டோக் போன்றவையே.

ஸே: இங்கு சொல்லப்பட்ட வார்த்தைகளே முக்கியம். யாரிடம் என்று குறிப்பிடத் தேவையில்லை. குறிப்பிட விரும்பினால் இடையில் ‘டு’ சேர்க்க வேண்டும். ஒருவரின் கூற்றை நிறமேற்றாமல் தரும் சொல் என்பதால் செய்தியாளர்கள் இதையே அதிகம் நாடுகிறார்கள்.

டெல்: கேட்பவரைப் பெரும்பாலும் உடன் அழைத்துவரும் சொல் இது. ‘ஹீ டோல்ட் மீ’ சரி. ‘ஹீ செட் மீ’ பிழை. கதை, பொய், உண்மை போன்றவற்றைச் சொல்லும்போது கேட்பவர் இல்லாமலும் வரும். இச்சொல் கட்டளையாகவும் மாறும். ‘தே வேர் டோல்ட் டு லீவ்’ என்றால் அவர்களுக்குத் தகவல் சொல்லப்பட்டது என்பதல்ல, வெளியேறுமாறு பணிக்கப்பட்டது என்பதே பொருள்.

ஸ்பீக்: மொழியறிவைக் குறிக்க இதுவே பொருந்தும். மேடை, சபை போன்ற முறைசார்ந்த இடங்களுக்கும் உரியது. ஒருவரே பேசிக்கொண்டிருந்தாலும் போதும்.

டோக்: பெரும்பாலும் இரு பக்கமும் வாய்திறக்கும் உரையாடல். பன்மையில் ‘டோக்ஸ்’ என்றால் பேச்சுவார்த்தை. 1985இல் திம்புவிலும் 2002இல் தாய்லாந்தின் சத்தஹிப்பிலும் நடந்தவை அத்தகையவை. அவற்றை வெறும் ‘உரை’ என்று எழுதினால் எதிரே இருந்த தரப்பே காணாமல் போய்விடும்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாண வழக்கில் இருவர் ‘கதைப்பார்கள்’. மேடையில் ஒருவர் ‘பேசுவார்’. ‘அம்மா பேசுவா’ என்று ஒரு பிள்ளை சொன்னால் ஏச்சு விழப்போகிறது என்று அர்த்தம்.

அடுத்த வரிசைச் சொற்களில்தான் ஆபத்து அதிகம். ‘கிளெய்ம்’ என்றால் ஒருவர் தனது கூற்றை உண்மையென வலியுறுத்துகிறார். எழுதுபவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. ‘அலெஜ்’ என்றால் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. ‘அட்மிட்’ என்றால் தனக்குப் பாதகமான ஒன்றை ஏற்றுக்கொள்ளல். ‘கொன்ஃபெஸ்’ என்றால் குற்றத்தையே ஒப்புக்கொள்ளல்.

கடைசி இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நம் நாட்டில் இலக்கணத்தோடு நிற்பதில்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம் இரண்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. அதன் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்துக்கு இடமளிக்கிறது. அந்த வாக்குமூலம் ஏற்கத்தக்கதல்ல என்று காட்டும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது.

இப்படியான சூழலில் ‘செட்’ என்றிருப்பதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றினால், தீர்ப்புக்கு முன்பே வாசகர் மனதில் ஒருவர் குற்றவாளியாகிவிடுவார். ‘அலெஜ்ட்’ என்றிருப்பதை ‘தெரிவித்தார்’ என்று எழுதினால் குற்றச்சாட்டு தகவலாகிவிடும்.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்ட பின்னரே நான் வினைச்சொல்லைத் தெரிவுசெய்கிறேன். கேட்பவர் யார்? மறுபக்கமும் பேசியதா? சொன்னது நிரூபிக்கப்பட்டதா? மூன்றாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் ‘கூறினார்’ என்பதே பாதுகாப்பானது. குற்றச்சாட்டாயின் அதைக் குற்றச்சாட்டு என்றே எழுத வேண்டும்.